கடைமடைக்குச் சேரும் தடுப்பு மருந்து

வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகள் இருக்கின்றன. மலையில் பெய்யும் மழை அவற்றில் தேங்கி, வாய்க்கால்களின் வழியாகக் கீழேயுள்ள கண்மாய்களுக்குப் பாய்கிறது. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் உண்டு. அணை நிரம்பியது என்ற செய்தி கேட்டு ஊரெல்லாம் மகிழ்வதுண்டு. ஆயினும் கடைமடையில் நிலம் வைத்திருக்கும் குடியானவனுக்குத் தன் வயலின் வாய்மடையில் தண்ணீர் ஏறிய பின்னரே மனம் அமைதி அடையும்.

நோய்த் தடுப்பு மருந்தின் விஷயமும் இத்தகையதே. மருந்து கண்டுபிடிக்கப்பட்டது, தொழிற்சாலையில் தயாராயிற்று, சென்னையில் வந்து இறங்கிற்று என்பவையெல்லாம் அணை நிரம்பிய செய்திகள். கூமாப்பட்டியிலோ, கிழவன்கோவிலிலோ, தாணிப்பாறை அடிவாரத்துப் பளியர் குடியிருப்பிலோ வாழும் ஒரு குழந்தையின் உடலில், வீரியம் குன்றாத மருந்து உரிய காலத்தில் சேர்ந்தால்தான் அது பயன்பட்டதாகும்.

ஆனால் நீருக்கும் மருந்துக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் பயிர் வாடுவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வழியில் கெட்டுப்போன தடுப்பு மருந்தோ பார்வைக்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கும். ஊசி போடப்படும்; அட்டையில் தேதி எழுதப்படும்; தாய் நிம்மதியுடன் வீடு திரும்புவாள். குழந்தைக்கு மட்டும் காப்பு ஏற்பட்டிராது. சில வருஷங்கள் கழித்து மணல்வாரி அம்மையோ தொண்டை அடைப்பானோ ஊருக்குள் நுழையும்போதுதான் அக்குறை வெளிப்படும். ஆகையால், மருந்து தயாரிக்கும் சாஸ்திரத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் உண்டோ, அவ்வளவு முக்கியத்துவம் அதைக் கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டுக்கும் உண்டு. அந்த ஏற்பாடு எவ்வாறு நடைபெறுகிறது, எங்கெங்கே அது தளரக்கூடும், கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர்கள் அதில் என்ன பங்கு பெறலாம் என்பவை இங்கே விளக்கப்படுகின்றன.

குழந்தைகளே பாத்திரமாக இருந்த காலம்

பெரியம்மைக்கு மாட்டு அம்மைப்பால் தடுப்பாகும் என்பதை இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் 1796-ம் வருஷத்தில் சோதித்து, 1798-ல் வெளியிட்டார். அந்தப் பால் இந்தியாவை வந்தடைய மேலும் நான்கு வருஷங்கள் ஆயின. நூலில் தோய்த்து உலர்த்தியும், கண்ணாடித் துண்டுகளுக்கிடையே வைத்தும் அனுப்பிப் பார்த்தார்கள். நெடும் பிரயாணத்தின் உஷ்ணத்தில் அது வீரியத்தை இழந்துவிட்டது. கடைசியில் வியன்னாவிலிருந்து பாக்தாதுக்கும், அங்கிருந்து பாஸ்ராவுக்கும் பால் சென்றது. பாஸ்ரா வழியாகப் பம்பாய்க்கு வந்து சேர்ந்த பாலைக் கொண்டு, 1802 ஜூன் 14-ந் தேதி, ஆனா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு அம்மை குத்தப்பட்டது. அவள் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்த பால்தான் மற்றக் குழந்தைகளுக்கும், பின்னர் சென்னை முதலிய இடங்களுக்கும் கைக்குக் கையாகச் சென்றது.

1803-ல் ஸ்பெயின் தேசத்து அரசர் தமது அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அம்மைப்பால் அனுப்ப விரும்பியபோதும் வேறு வழி கிடைக்கவில்லை. இருபதுக்கு மேற்பட்ட அநாதைச் சிறுவர்கள் கப்பலில் ஏற்றப்பட்டனர். முதலில் குத்தப்பட்ட சிறுவரின் கொப்புளம் பழுத்ததும் அடுத்தவருக்குக் குத்தி, இவ்வாறே கடலைத் தாண்டும் வரை பால் உயிருடன் காக்கப்பட்டது. அக்காலத்தில் மருந்து கொண்டு செல்லும் பாத்திரம் குழந்தைகளின் உடலே. நடுவில் ஒரு குழந்தைக்குக் கொப்புளம் எழும்பாவிட்டால் அத்தொடர் முழுவதும் அறுந்துபோகும். ஒரு குழந்தையின் பிணி மற்றொன்றுக்குத் தொற்றும் அபாயமும் அதில் இருந்தது.

சென்னை மாகாணத்தில் இந்த முறைக்கு மாற்றாகக் கன்றுகளின் உடலில் அம்மைப்பால் தயாரிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. மாகாணச் சுகாதாரக் கமிஷனராக இருந்த டபிள்யூ. ஜி. கிங், லானோலின் என்னும் ஆட்டு ரோமக் கொழுப்பில் பாலைக் குழைத்து வைக்கும் முறையைக் கையாண்டார். வெயில் மிகுந்த தேசத்தில் பால் கெடாதிருக்க வேண்டுமென்பதே இதன் நோக்கம். கிண்டியில் 1899-ல் நிறுவப்பெற்ற ஸ்தாபனம் இன்றும் அவர் பெயராலேயே கிங் இன்ஸ்டிடியூட் என வழங்குகிறது. மருந்து நல்லதாயிருந்தால் மட்டும் போதாது, அது தன் ஊரின் வெயிலையும் தூரத்தையும் தாங்க வேண்டும் என்ற பாடம் இவ்வாறு ஆதியிலேயே கற்கப்பட்டது.

குளிர்ச்சித் தொடர்

இக்காலத்துத் தடுப்பு மருந்துகளுள் பெரும்பாலானவற்றை 2 டிகிரி முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள குளிர்ச்சியில் வைக்க வேண்டும். தயாரான நாள் முதல் உபயோகிக்கும் நாள் வரையில் இந்நிலை ஓரிடத்திலும் அறுபடலாகாது. ஆகவே இதனைக் குளிர்ச்சித் தொடர் என்கிறார்கள். இந்தியாவில் 1978-ல் விரிவான தடுப்பூசித் திட்டமும், 1985-ல் சகல குழந்தைகளுக்குமான தடுப்பூசித் திட்டமும் ஆரம்பமான பின்னர், இத்தொடர் படிப்படியாக நாடெங்கும் அமைக்கப்பட்டது.

மருந்து செல்லும் வழி பின்வருமாறு. தொழிற்சாலையிலிருந்து வரும் மருந்து முதலில் சென்னையிலுள்ள பெருங்களஞ்சியத்தில் வைக்கப்படுகிறது. அங்கே ஓர் அறை முழுவதையுமே குளிர்விக்கும் யந்திரங்கள் உண்டு. அங்கிருந்து மண்டலக் களஞ்சியங்களுக்கும், அவற்றிலிருந்து சுகாதார மாவட்டக் களஞ்சியங்களுக்கும் குளிர்சாதன வண்டிகளில் மருந்து போகிறது. விருதுநகர் ஜில்லாவில் விருதுநகர், சிவகாசி என்று இரண்டு சுகாதார மாவட்டங்கள் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சிவகாசியைச் சேர்ந்தது. அங்கிருந்து ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையமும் தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொள்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப் பிரதேசத்தில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்க வேண்டும் என்பது பொது விதி.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தைக் காப்பது ஐ.எல்.ஆர். என்று வழங்கும் குளிர்பெட்டி. இதன் உட்சுவரைச் சுற்றிலும் உறைந்த நீர் நிறைந்திருக்கும். மின்சாரம் நின்றபோதும் அந்தச் சுவரின் குளிர்ச்சி மருந்தைக் காக்கும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் மின்சாரம் கிடைத்தால்கூட உள்ளே உரிய குளிர்ச்சி நிற்கும்படி இப்பெட்டி அமைக்கப்பட்டுள்ளது. வீடுகளில் உள்ள சாதாரணக் குளிர்பெட்டிக்கு இந்தச் சக்தி இல்லை. அதனுள் தண்ணீரும் உணவும் வைப்பதற்காகக் கதவைப் பலமுறை திறப்பதும் மருந்துக்குக் கேடு. ஐ.எல்.ஆர். பெட்டியின் கதவு மேற்புறமாகத் திறப்பதன் காரணமும் இதுவே. குளிர்ந்த காற்று கனமானதாகையால், மேல்மூடியைத் திறந்தாலும் அது கீழேயே தங்கும்.

ஊசி போடும் நாளன்று, நிலையத்திலிருந்து கிராமத்துக்கு மருந்தைக் கொண்டு செல்வது தோளில் மாட்டும் சிறு பெட்டி. வேக்சின் கேரியர் என்ற பெயரைத் தாய்மார்கள் பலர் கேட்டிருப்பார்கள். அதன் நான்கு பக்கங்களிலும் நான்கு ஐஸ் பேக்குகளை வைத்து, நடுவே மருந்துக் குப்பிகள் வைக்கப்படும். அணையில் தொடங்கிய தொடரின் கடைசிக் கண்ணி இதுதான். கிராம சுகாதார செவிலியரின் தோளிலே அது தொங்குகிறது.

கண்ணுக்குத் தெரியாத சேதம்

தடுப்பு மருந்து வெப்பத்தால் கெடும் என்பது யாவரும் அறிந்தது. அதிகக் குளிர்ச்சியாலும் அது கெடும் என்பதைப் பலர் அறியார். இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்து, மணல்வாரி அம்மைத் தடுப்பு மருந்து முதலியன வெப்பத்துக்கு அஞ்சுபவை. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி ஆகியவற்றைத் தடுக்கும் மருந்தும், ஹெபடைட்டிஸ்-பி என்னும் காமாலைக்கான மருந்தும் உறைவதற்கு அஞ்சுபவை. இவற்றில் அலுமினிய உப்பு ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. மருந்து உறைந்தால் அவ்வுப்பு திரண்டு கட்டியாகிவிடும். பின்னர் உருகி நீரானாலும் பழைய வீரியம் திரும்புவதில்லை.

ஆகையால்தான் ஐஸ் பேக்குகளை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் கேரியரில் வைக்கக் கூடாது என்பது விதி. சிறிது நேரம் வெளியே வைத்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் ஓசை கேட்ட பின்னரே வைக்க வேண்டும். குளிர்ச்சி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று எண்ணி இவ்விதியைக் கைவிடுவோர், நல்லெண்ணத்தாலேயே மருந்தைக் கெடுத்தவராவர்.

வெப்பத்தால் விளையும் சேதத்தைக் கண்டறிய ஓர் எளிய சாதனம் 1996 முதல் உலகில் பழக்கத்துக்கு வந்திருக்கிறது. குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் அச்சிடப்பட்டிருக்கும். சதுரம் முதலில் வெளிறிய நிறமாயிருக்கும். குப்பி வெப்பத்தில் கிடந்த நேரத்துக்கு ஏற்ப அது கறுத்துக்கொண்டே வரும். சுற்றியுள்ள வட்டத்தைவிடச் சதுரம் வெளிறியிருந்தால் மருந்தை உபயோகிக்கலாம். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டாலும், அதனினும் கறுத்துவிட்டாலும் மருந்தைத் தள்ளிவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதைப் பார்த்து அறியலாம். ஆனால் மருந்து உறைந்ததா என்பதை இச்சதுரம் காட்டாது. அதற்கு, நாள்தோறும் இரண்டு வேளை குளிர்பெட்டியின் டிகிரியைப் பார்த்து எழுதிவைக்கும் பதிவேடே சாட்சி. 2015 முதல் மருந்து இருப்பையும் குளிர்பெட்டிகளின் டிகிரியையும் கைப்பேசி மூலம் மேலதிகாரிகளுக்கு உடனுக்குடன் தெரிவிக்கும் முறை இந்தியாவில் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டிருக்கிறது. எந்த யந்திரம் வந்தபோதிலும், பார்த்து எழுதும் மனிதரின் நேர்மை இன்றி ஏற்பாடு நடவாது. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்த உண்மையே இதுவும்.

பாஸ் புத்தகத்தால் வந்த சீர்திருத்தம்

தடுப்பு மருந்து மட்டுமன்றி, காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் சர்க்கரை நோய்க்கும் வேண்டிய மருந்துகளும் இதேபோல் கடைமடையைச் சேர வேண்டியவை. முன்னாளில் சர்க்கார் வைத்தியசாலைகளில் சில மருந்துகள் தேவைக்கு மேல் குவிந்து காலாவதியாகும். வேறு சில, வேண்டிய வேளையில் இல்லாமற் போகும். வெளியே வாங்கிக்கொள்ளும்படி சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்ட ஏழைகள் கடன்பட நேர்ந்தது.

இதை மாற்றுவதற்காக 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவு செய்யப்பெற்று, 1995 முதல் வேலை தொடங்கியது. அது செய்த காரியங்கள் சங்க அங்கத்தினர்களுக்கு எளிதில் விளங்கும். முதலாவதாக, அவசியமான மருந்துகளின் ஜாபிதா ஒன்று தயாரிக்கப்பட்டது. எண்ணற்ற கம்பெனிப் பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் பொதுப் பெயரால் டெண்டர் கோரப்பட்டது. ராஜ்யம் முழுவதற்கும் ஒன்றாக வாங்கியதால் விலை வெகுவாகக் குறைந்தது. தனியே வாங்குவதைவிடப் பலர் சேர்ந்து வாங்கினால் ஆதாயம் என்ற கூட்டுறவுத் தத்துவமே இது.

இரண்டாவதாக, மருந்து நேரே ஜில்லாக் கிடங்குகளுக்கு வந்து சேரும்படி செய்யப்பட்டது. வந்த சரக்கை உடனே வெளியே அனுப்புவதில்லை. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயர் தெரியாதபடி மறைத்து, பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். நல்லது என்று பதில் வந்த பின்னரே சரக்கு கிடங்கை விட்டு நகரும்.

மூன்றாவது ஏற்பாடே மிகவும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ் புத்தகம் கொடுக்கப்பட்டது. வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து பெறலாம் என்பது அதில் குறிக்கப்படும். வைத்தியர் தம் ஊரில் எந்த நோய் அதிகமோ அதற்கேற்ற மருந்தைக் கிடங்கிலிருந்து கேட்டு வாங்குவார். வாங்கிய அளவும் அதன் மதிப்பும் பாஸ் புத்தகத்தில் பதியப்படும். இதற்கு முன்பு, மேலிருந்து அனுப்பியதைக் கீழே உள்ளவர் பெற்றுக்கொண்டனர். இப்போது, கீழே வேண்டியது மேலிருந்து அனுப்பப்படுகிறது. அணையில் இருப்பவர் தம் மனம்போல் ஷட்டரைத் திறப்பதற்கும், கடைமடை நீர்ப்பாய்ச்சி வந்து சொன்ன பின் திறப்பதற்கும் உள்ள வேற்றுமையே இது. இம்முறையின் நன்மையைக் கண்டு கேரளமும் ராஜஸ்தானும் தத்தமக்கு இத்தகைய கழகங்களை ஏற்படுத்திக்கொண்டன. ராஜஸ்தானத்துக் கழகம் 2011-ல் தொடங்கிற்று.

புதன்கிழமைக் கணக்கு

ஆயினும் கிடங்கில் மருந்து இருந்தும், குளிர்ச்சி அறுபடாது வந்தும், ஊரில் ஊசி வீணாகக்கூடும். இதற்கு ஒரு கணக்கு உதாரணம். ஒரு கிராமத்தில் வருஷத்துக்கு 60 குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 5 குழந்தைகள் ஆகின்றன. மணல்வாரி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசியைக் குழந்தைக்கு 9 மாதம் நிறைந்ததும் ஒருமுறையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் மற்றொரு முறையும் போட வேண்டும். ஆகவே அக்கிராமத்துக்கு மாதந்தோறும் வேண்டியவை 10 ஊசிகள். இம்மருந்து பொடியாக வரும். உடன் வரும் திரவத்தில் கரைத்த பின் 4 மணி நேரத்துக்குள் உபயோகிக்க வேண்டும். மிச்சத்தைத் தள்ளிவிட வேண்டும். 10 பேருக்குப் போதுமான குப்பியானால், குறித்த ஒரே நாளில் 10 குழந்தைகளும் வந்துவிட்டால் ஒரு குப்பியில் வேலை முடியும். அவர்களே நான்கு வாரங்களில் சிதறி வந்தால் நான்கு குப்பிகளைத் திறக்க நேரும். 10 குழந்தைகளுக்காக 40 ஊசி மருந்து செலவாகும். வீணாகுமே என்றெண்ணி அடுத்த வாரம் வரச் சொன்னாலோ, கூலி வேலையை விட்டுவந்த தாய் மறுபடி வருவாள் என்பது நிச்சயமில்லை.

குப்பி எத்தனை பேருக்குரியது, ஊசி நாள் எப்போது, எந்த இடத்தில் என்பவையெல்லாம் சிறு விஷயங்களாகத் தோன்றும். மருந்து கடைமடையைச் சேர்வதும் சேராததும் பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தே இருக்கிறது.

தூரம் என்பதும் இவ்வாறே. 2008 ஏப்ரல் மாதத்தில், திருவள்ளூர் ஜில்லாவில் மணல்வாரித் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்த துயரச் சம்பவம் நேர்ந்தது. அதன்மேல் கிராமங்களில் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, வைத்தியர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போடும்படி உத்தரவாயிற்று. குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதிச் செய்யப்பட்டது அது. ஆயினும் பஸ் செலவும் ஒருநாள் கூலி இழப்பும் தாய்மார் தலையில் விழுந்தன. ஊசி போடும் இடம் தள்ளிப் போனதால், தூரத்து ஊர்களின் குழந்தைகள் பின்தங்கினார்கள். பின்னர் மறுபடியும் கிராமங்களிலேயே ஊசி போடப்படலாயிற்று. பாதுகாப்பு, அண்மை ஆகிய இரண்டில் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிக்க முடியாது. இரண்டும் சேர்ந்திருக்கும்படி ஏற்பாடு செய்வதே திறமை. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள் என்று நிலைபெற்றிருப்பதும், ஊசி போட்ட பின் குழந்தையை அரை மணி நேரம் அங்கேயே வைத்திருந்து பார்ப்பதும் இதற்காகவே.

குளிர்ச்சி வேண்டாத மருந்து

கடைசி ஊர் வரை குளிர்ச்சியைக் கொண்டு செல்வது ஒரு வழி. குளிர்ச்சியே வேண்டாதபடி மருந்தை அமைப்பது மற்றொரு வழி. 1950-க்குப் பின்வந்த வருஷங்களில் இங்கிலாந்தில் லெஸ்லி கோலியர் என்பவர் பெரியம்மைத் தடுப்பு மருந்தை உறைய வைத்து, அந்நிலையிலேயே ஈரத்தை நீக்கிப் பொடியாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அப்பொடி உஷ்ண தேசங்களின் வெப்பத்தை மாதக்கணக்கில் தாங்கியது. நூலில் தோய்த்த பால் கெட்டுப்போன அதே பிரதேசங்களில் இந்தப் பொடி கெடவில்லை. இந்தியாவில் பெரியம்மை 1975-ல் அற்றுப்போயிற்று. உலகெங்கும் அது ஒழிந்ததாக 1980-ல் பிரகடனம் செய்யப்பட்டது. வெப்பத்தைத் தாங்கும் அப்பொடி இல்லாதிருந்தால் எட்டாத ஊர்களில் அவ்வேலை நடந்திராது.

பாம்புக் கடிக்கான மருந்தும் இம்முறையில் பொடியாகக் கிடைப்பதால், ஐஸ் இன்றியே மலையடிவார நிலையங்களில் வைக்கப்படுகிறது. தென்னந்தோப்பிலும் நெல் வயலிலும் இரவில் நீர் பாய்ச்சும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இது உயிர்நாடியான விஷயம். இந்த மருந்தின் ஊற்றிலும் ஒரு கூட்டுறவுச் சங்கம் இருப்பதைச் சங்க அங்கத்தினர்கள் அறிவது தகும். செங்கற்பட்டுப் பக்கத்திலுள்ள வடநெம்மேலியில், 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. பாம்புத் தோல் வியாபாரம் சட்டத்தால் நின்றுபோனபின் பிழைப்பிழந்திருந்த இருளர்கள், அனுமதி பெற்று நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கைப் பிடித்து, விஷம் எடுத்தபின் அவற்றைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொண்டுதான் மருந்து தயாரிக்கும் ஸ்தாபனங்கள் வேலை செய்கின்றன. இருளரில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. மருந்துத் தொடரின் தலைப்பில் நின்று ஒரு சங்கம் நாட்டுக்கு உதவுகிறது. அதன் கடைமடையில் நின்று உதவ மற்றச் சங்கங்களாலும் ஆகும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, ஜாபிதா. ஊரில் பிறந்த குழந்தைகளின் பெயரும், எந்த மாதத்தில் எந்த ஊசி என்பதும் கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும். வெளியூரிலிருந்து கரும்பு வெட்டவும் செங்கல் அறுக்கவும் வந்து தங்கும் குடும்பங்களும், மலையடிவாரக் குடியிருப்புகளும் அதில் விட்டுப்போகக்கூடும். கடனுக்கும் உரத்துக்கும் எல்லா வீட்டாரோடும் பழகும் சங்கத்தார், விட்டுப்போனவற்றைத் தெரிவித்தால் ஜாபிதா நிறைவு பெறும்.

இரண்டாவது, நாள் தவறாமை. ஊசி நாளுக்கு முந்திய செவ்வாய் மாலையில் சங்கத்தின் கட்டிடத்திலும் ரேஷன் கடையிலும் அறிவித்துவிட்டால் குழந்தைகள் ஒரே நாளில் வந்து சேர்வர். மேலே கூறிய கணக்கின்படி, அதனால் மிஞ்சும் மருந்து வேறு ஊர்க் குழந்தைகளுக்கு ஆகும். நடவு, அறுப்புக் காலங்களில் தாய்மார் வேலைக்குச் செல்லும் முன்பே ஊசி போடும்படி நேரத்தை மாற்றிக் கேட்பதும் சங்கத்தாரால் முடியும்.

மூன்றாவது, மின்சாரமும் பாதையும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குரிய மின்சாரம் நெடுநேரம் நின்றாலும், மழையில் ஓடை பெருகிப் பாதை அடைபட்டாலும், சங்கத்தின் காரியதரிசி உடனே உரியவர்க்குத் தெரிவிப்பது நல்லது. ஐ.எல்.ஆர். பெட்டி சில மணி நேரம் காக்கும், எல்லையின்றிக் காக்காது.

நான்காவது, கேட்டறிதல். குப்பியின் மேலுள்ள சதுரத்தைக் காட்டும்படி பணிவுடன் கேட்பது எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் உரிமை. அதைக் கேட்பவர் உண்டென்று தெரிந்தால் காப்பவரின் கவனமும் மிகும். செவிலியரை அவநம்பிக்கையுடன் பார்க்க வேண்டுமென்பது இதன் கருத்தன்று. சங்கத்தின் வரவு செலவைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கக் கேட்பது காரியதரிசியை அவமதிப்பதாகாது அன்றோ!

ஐந்தாவது, சங்கங்களே மருந்து வைத்து விற்கும் இடங்களைப் பற்றியது. 2025 பிப்ரவரி 24-ந் தேதி தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் தொடங்கிவைக்கப்பட்டன. அவற்றுட் பலவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. சர்க்கரை நோய்க்கான இன்ஸுலினும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்தே. கடையைப் பூட்டும்போது குளிர்பெட்டியின் மின்சாரத்தையும் நிறுத்திவிடும் வழக்கம் எங்கேனும் இருந்தால், மறுநாள் விற்கப்படும் மருந்து பார்வைக்கு மருந்தாக இருக்கும், குணத்தில் இராது. முதலில் காலாவதியாகும் சரக்கை முதலில் விற்பதும், இருப்பு குறையும் முன்பே கேட்டு வாங்குவதும், டிகிரியை எழுதி வைப்பதும் சங்கத்தின் நற்பெயரைக் காக்கும்.

இந்தியாவில் இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் காணப்பட்டார். 2014 மார்ச்சில் தென்கிழக்கு ஆசியப் பிரதேசம் அந்நோய் நீங்கியதாகச் சான்றளிக்கப்பட்டது. வெப்பத்துக்கு மிகவும் அஞ்சும் அந்தச் சொட்டு மருந்து, ஆறும் காடும் மலையும் கடந்து ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வீரியம் குன்றாமல் சென்றதால்தான் இது கைகூடிற்று. கடைசி வீடு வரை சேர்க்க முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கண்மாய் மராமத்து செய்யாத ஊருக்கு, அணை நிரம்பியும் பயனில்லை என்பது பிளவக்கல் பாசனத்து ஊர்களின் அனுபவம். சென்னைக் களஞ்சியத்தில் மருந்து நிறைந்திருப்பதும் அவ்வாறே. அதைக் குழந்தையிடம் சேர்க்கும் கடைசி இரண்டு மூன்று மைல் தூரம் ஊராரின் பொறுப்பில் இருக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குள் ஊசி போடப்படாத குழந்தைகள் எத்தனை பேர் என்ற ஒரு கேள்வியை எழுப்பி, அதற்குரிய விடையைத் தன் தீர்மானப் புத்தகத்தில் எழுதுமாயின், வேலை நல்லபடி ஆரம்பமாகிவிட்டது என்று கொள்ளலாம்.